பஞ்சாபி கற்பிக்க யார் வருவர்?

ஒரு மொழி நலிகின்றது என்று கேட்டதும் நம்மவர் முதலில் அரசாங்கத்தின் முகத்தையே பார்ப்பர். எந்தச் சட்டம் அதை நலித்தது, எந்த மந்திரி அதற்குத் தடை விதித்தார் என்று வினவுவர். அவ்வாறு வினவுவதற்கு நமக்குப் போதிய காரணம் உண்டு. ஆயினும், எந்தச் சட்டமும் தடுக்காமல், எந்தப் பகைவனும் தீண்டாமல், கோயிலும் செல்வமும் சனத்தொகையும் குறைவின்றி இருக்க, வீட்டு விறாந்தையிலேயே ஒரு மொழி ஓய்ந்து போவதும் உலகில் நடக்கின்றது. கடல் கடந்து வாழும் பஞ்சாபி மக்களின் கதை அத்தகையது. அக்கதையில் வரும் ஒருவரைப் பற்றியே இன்று நாம் எழுதுகின்றோம். அவர் அரசியல்வாதியல்லர், கவிஞருமல்லர். அவர் பஞ்சாபி மொழியாசிரியர்.

பஞ்சாபியர் மண்ணை நம்பி வாழ்ந்த மக்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கனடாவின் மேற்குக் கரையிலே இறங்கி, மர ஆலைகளில் உழைத்தனர். 1908ஆம் ஆண்டில் வான்கூவர் நகரிலே குருத்துவாரா ஒன்றை எழுப்பினர். 1911இல் அபட்ஸ்போர்ட்டில் அவர்கள் கட்டிய குருத்துவாரா இன்றும் நிற்கின்றது. 1914இல் 376 பயணிகளோடு வந்த கோமகாத்தா மாரு என்னும் கப்பலை இரண்டு மாதம் துறைமுகத்திலே மறித்து வைத்து, ஒரு சிலரை மாத்திரம் இறங்கவிட்டு, மற்றெல்லோரையும் திருப்பி அனுப்பினர் அந்நாட்டார். பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் வாக்குரிமை கிடைக்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்கப்பலுக்குச் செய்த அநீதிக்காகக் கனடாவின் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கோரியது 2016ஆம் ஆண்டில். இவ்வளவையும் தாங்கித் தலைநிமிர்ந்த மக்கள் அவர்கள். அத்தகையோரின் பேரப்பிள்ளை, தன் பாட்டியின் கடிதத்தை வாசிக்க மாட்டாமல் நிற்கின்றது என்றால், அதன் காரணத்தை ஆராய்வது நம் கடமையன்றோ?

தாயும் இல்லை, ஆசானும் இல்லை

முதலில் கலிபோர்னியாவைப் பார்ப்போம். அங்கே குடியேறிய பஞ்சாபிக் கமக்காரர் தம் மனைவியரை ஊரிலிருந்து அழைத்துவர முடியவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர் வருகையை அடைத்துவிட்டது. எனவே அவர்களுட் பலர், இம்பீரியல் பள்ளத்தாக்கு முதலிய இடங்களில், மெக்சிக்கோ நாட்டுப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினர். வீட்டிலே ரொட்டியும் பருப்பும் வெந்தன. பிள்ளைகளுக்குச் சீக்கியப் பெயர் முடிவுகளும் இருந்தன. ஆனால் அப்பிள்ளைகள் பேசியது தாயின் ஸ்பானிய மொழியும் பாடசாலையின் ஆங்கிலமுமே. தகப்பன் நாள் முழுவதும் வயலில் நின்றான். பஞ்சாபியைச் சொல்லித்தர வீட்டில் தாயும் இல்லை. வெளியில் ஆசானும் இல்லை. ஒரே தலைமுறையில் மொழி போயிற்று. யாரும் அதைத் தடைசெய்யவில்லை. கற்பிக்க ஆளில்லை, அவ்வளவே.

“அது பழங்கதை, இப்பொழுது பஞ்சாபி பெருகியல்லவா நிற்கின்றது?” என்று கேட்பவர் உளர். உண்மைதான். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கனடாவில் வீட்டிலே பெரும்பாலும் பஞ்சாபி பேசுவோர் ஏறத்தாழ 5,20,000 பேர். 2016இலிருந்து ஐந்தே ஆண்டுகளில் 49 வீதம் கூடியிருக்கின்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் ஏறத்தாழ 2,91,000 பேர் பஞ்சாபியே தம் பிரதான மொழி என்றனர்.

ஆனால் வன்னியிலே குளத்துக்குக் கீழே வயல் செய்யும் கமக்காரனிடம் இக்கணக்கைச் சொல்லிப் பாருங்கள். குளம் நிறைந்து நிற்கின்றது என்பதனால் கட்டிலே ஒழுக்கு இல்லை என்று அவன் முடிவு செய்ய மாட்டான். வாய்க்காலால் வருகின்ற நீர் மிகுதியாயிருந்தால், ஒழுகுகின்ற நீர் கண்ணுக்குத் தெரியாது. கனடாவில் பஞ்சாபி பெருகியதற்குப் பெருங்காரணம் ஊரிலிருந்து புதிதாக வந்தோரே. அங்கே பிறந்த பிள்ளைகளின் நாவில் அது நிலைத்ததனால் அன்று. 2024ஆம் ஆண்டில் கனடா அரசாங்கம் வெளிநாட்டு மாணவருக்கான அனுமதிகளுக்கு வரம்பு கட்டியது. வாய்க்கால் ஒடுங்குகின்றது. இனித்தான் ஒழுக்கு வெளியே தெரியும்.

ஒழுகும் விதமும் நாமறிந்ததே. பாட்டன் பேசுவான், தகப்பன் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் விடை சொல்வான், பிள்ளைக்கு விளக்கமும் இராது. பஞ்சாபியிலே தகப்பனின் தமையன் ‘தாயா’, தம்பி ‘சாச்சா’, தாயின் சகோதரன் நம்மைப் போலவே ‘மாமா’. இம்மூவரும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கி முகமிழந்து போகின்றனர். சொல் போனபின் உறவின் முறையும் கடமையும் எத்தனை நாளைக்கு நிற்கும்?

பேசத் தெரிந்தவனெல்லாம் ஆசிரியனா?

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நாம் தீர்த்துக்கொள்ள வேண்டும். “தாய்மொழி கற்பிக்கத் தனியாக ஓர் ஆசிரியர் எதற்கு? பேசத் தெரிந்த எவரும் சொல்லிக்கொடுக்கலாமே” என்பது அவ்வெண்ணம். குருத்துவாராவின் பின்னறையிலே சனிக்கிழமை தோறும் இரண்டு மணிநேரம் நடக்கும் வகுப்பு இந்நம்பிக்கையின்மேலேயே நிற்கின்றது. அங்கே கற்பிப்பவர் சம்பளம் வாங்காத ஒரு தாயாகவோ, இளைப்பாறிய ஒரு பெரியவராகவோ இருப்பார். அவர்களின் தொண்டை நாம் வணங்குகின்றோம். அவர்கள் இல்லையென்றால் இன்று பேசுவதற்கே ஒன்றும் எஞ்சியிராது. ஆயினும் தொண்டு வேறு, தொழிலறிவு வேறு.

பஞ்சாபியின் தன்மையைப் பாருங்கள். இரண்டாவது குருவாகிய அங்கத் அவர்கள் பதினாறாம் நூற்றாண்டிலே ஒழுங்குபடுத்திய குர்முகி எழுத்துக்கள் மரபாக 35. ‘பைந்தி’ என்றே அவ்வரிசையைச் சொல்வர். முப்பத்தைந்து என்பது அதன் பொருள். எழுத்தைக் கற்பது அரிதன்று. அரிதாவது எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் குரல். இந்திய மொழிகளுட் பெரும்பாலானவற்றில் இல்லாத ஓர் இயல்பு பஞ்சாபியில் உண்டு. குரலின் ஏற்றத் தாழ்வினாலேயே சொல்லின் பொருள் மாறும். ‘கோடா’ என்று நம் எழுத்தில் ஏறத்தாழக் குறிக்கக்கூடிய ஒலியைச் சமமான குரலில் சொன்னாற் சவுக்கு. தாழ்ந்த குரலில் எடுத்தாற் குதிரை. உயர்ந்த குரலில் எடுத்தாற் குஷ்டரோகி. குதிரை என்னும் சொல்லை எழுதும்போது, இந்தியிலே மூச்சோடு கனத்து ஒலிக்கும் ககர எழுத்தையே பஞ்சாபியிலும் முதலில் எழுதுவர். ஆனால் வாயில் வருவது மெல்லிய ககரமும் தாழ்ந்த குரலுமே. இவ்வாறு ஐந்து எழுத்துக்கள் உள.

ஜலந்தரிலோ லூதியானாவிலோ பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அது பாடசாலைக்கு வரும்போதே அக்குரலைக் காதிற் சுமந்து வருகின்றது. ஆகவே அங்கே படித்து வந்த ஆசிரியர் தாம் குரலை ஏற்றியிறக்குவதைத் தாமே உணர்ந்தவரல்லர். கனடாவிலே பிறந்த பிள்ளையோ எழுத்தைப் பார்த்து எழுத்தின்படியே வாசிக்கின்றது, பாட்டி சிரிக்கின்றாள், பிள்ளை வெட்கிப் புத்தகத்தை மூடுகின்றது. அப்பிள்ளை மீண்டும் அதைத் திறப்பதில்லை. பிழை பிள்ளையினுடையதன்று, காதிலே மொழி இல்லாதவனுக்கு மொழியைப் புகட்டும் வித்தை வேறு, காதிலே உள்ளவனுக்கு எழுத்தைப் புகட்டும் வித்தை வேறு. அங்கே அச்சான பாலபாடம் அங்குள்ள பிள்ளைக்கே எழுதப்பட்டது. வேற்று மண்ணிலே வளரும் பிள்ளைக்கு வேறு பாடநூல் வேண்டும். அதை எடுத்தாளத் தெரிந்த ஆசிரியரும் வேண்டும்.

இருவேறு குறைகள்

அத்தகைய ஆசிரியர் எங்கிருந்து வருவர்? இங்கேதான் நெஞ்சை உறுத்தும் விசித்திரம் ஒன்று உண்டு. பஞ்சாபிலே முதுகலைப் பட்டம் பெற்றுப் பல ஆண்டு கற்பித்த ஒருவர் புதிய நாட்டுக்குச் செல்கின்றார். அங்கே அரசாங்கப் பாடசாலையில் நிற்க அந்நாட்டு ஆசிரியப் பத்திரம் வேண்டும். அதற்கு அவர் பட்டத்தை நிறுத்துப் பார்ப்பர். மேலும் படிக்கச் சொல்வர். குடும்பத்துக்கு உணவு இன்றே வேண்டும், படிப்பு நாளைக்கல்லவா? அவர் லொறி ஓட்டச் செல்கின்றார். மறுபுறத்தில், அந்நாட்டிலேயே பிறந்த இளம்பெண் ஒருத்தி ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பத்திரமும் வைத்திருக்கின்றாள். கற்பிக்க ஆசையும் உண்டு. ஆனால் அவளுடைய பஞ்சாபி சமையலறையோடு நின்றுவிட்ட பஞ்சாபி. ஒருவரிடம் மொழி இருக்கின்றது, பத்திரம் இல்லை. மற்றவரிடம் பத்திரம் இருக்கின்றது, மொழி இல்லை. இவ்விருவரையும் இணைக்கும் பாலத்தை அரசாங்கமும் முழுமையாகக் கட்டவில்லை, சமூகமும் கட்டவில்லை.

பிரித்தானியாவின் வரலாறு இதற்குச் சான்று. 1965இல் அந்நாட்டுக் கல்வி இலாகா வெளியிட்ட சுற்றறிக்கை, ஒரு பாடசாலையில் வந்தேறிய பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது என்றது. சவுத்தோலிலே பஞ்சாபிப் பிள்ளைகளைப் பஸ்களில் ஏற்றித் தூரப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பினர். பின்னர், 1985இல் வெளிவந்த சுவான் அறிக்கை, வீட்டுமொழியைப் பேணுவது அந்தந்தச் சமூகத்தின் பொறுப்பே என்றும், பொதுப் பாடசாலையின் வேலை அதுவன்று என்றும் கூறிற்று. இடைநிலைப் பாடசாலையில் அம்மொழிகளையும் ஒரு பாடமாக வைக்கலாம் என்று ஒரு சாளரத்தை மாத்திரம் திறந்துவிட்டது. அச்சாளரத்தின் வழியாகவே பஞ்சாபி பொதுப் பரீட்சைப் பாடமாயிற்று. 2015இல், எழுதுவோர் தொகை குறைவு எனக் காட்டிப் பஞ்சாபி, வங்காளி முதலிய மொழிகளின் உயர்தரப் பரீட்சையைக் கைவிடப்போவதாகப் பரீட்சைச் சபைகள் அறிவித்தன. சமூகங்கள் கிளர்ந்தெழுந்தன, மனுக்கள் பறந்தன, 2016இல் பரீட்சை தொடருமென்ற உறுதி கிடைத்தது. வெற்றிதான். ஆனால் நாம் ஒன்று கேட்கின்றோம். பரீட்சையைக் காப்பாற்ற எழுந்த குரலிற் பாதியாவது அப்பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ்செய்யும் ஆசிரியரைப் பயிற்றுவதற்கு எழுந்ததா?

பிரித்தானிய கொலம்பியாவில் நிலைமை சற்று மேலானது. அங்கே 5ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் இரண்டாம் மொழி ஒன்றைக் கற்றாக வேண்டும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து 5ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பஞ்சாபிக்கும் மாகாணப் பாடத்திட்டம் உண்டு. சர்வகலாசாலையிலும் அதைப் படிக்கலாம். கதவு திறந்தே இருக்கின்றது. ஆயினும் வகுப்புத் தொடங்குவது எண்ணிக்கையைப் பொறுத்தது. பெற்றார் பெயர் கொடுக்காவிடில் வகுப்பில்லை. வகுப்பில்லாவிடில் ஆசிரியருக்கு நிலையான பதவியில்லை. பதவியில்லாவிடில் எந்த வாலிபன் அத்தொழிலுக்குப் படிப்பான்? பஞ்சாபி ஆசிரியராக விரும்புபவர் கணிதத்தையோ சமூகக்கல்வியையோ முதற்பாடமாக வைத்துக்கொண்டு, பஞ்சாபியை ஓர் ஓரத்திலே சுமந்து செல்ல வேண்டியவராகின்றார்.

சிங்கப்பூர் மற்றுமொரு வழியைக் காட்டுகின்றது. அங்கே தமிழ் அரசகரும மொழிகளுள் ஒன்று. பஞ்சாபிப் பிள்ளைகளுக்கோ முன்னாளில் தம் மொழியைப் பாடசாலைப் பாடமாக எடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. பலர் மலாய் மொழியைக் கற்றனர். 1990ஆம் ஆண்டளவில் அரசாங்கம் பஞ்சாபி, இந்தி, வங்காளி, குஜராத்தி, உருது ஆகிய ஐந்தையும் இரண்டாம் மொழிப் பாடங்களாக ஏற்றது. வகுப்பை நடத்துவது சமூகம். புள்ளியைக் கணக்கிற் சேர்ப்பது பாடசாலை. மொழியறிவுக்குப் பரீட்சையிற் பெறுமதி உண்டென்று கண்டதும் பெற்றார் பிள்ளையைத் தாமே கைப்பிடித்து அழைத்து வந்தனர். ஆசிரியருக்கும் வேலை பிறந்தது. ஊரவரும் அரசாங்கமும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தாற் பாரம் எழும் என்பதற்கு இது போதாதா?

எவருடைய மொழி?

மற்றொரு சிக்கலையும் மறைக்காமற் சொல்லவேண்டும். பஞ்சாபி சீக்கியருக்கு மாத்திரம் உரிய மொழியன்று. இந்துவும் முஸ்லிமும் அதைப் பேசுகின்றனர். பாகிஸ்தானிலே பெருந்தொகையினரின் தாய்மொழி அதுவே. அங்கே அதைப் பாரசீக வழிவந்த ஷாமுகி எழுத்தில் எழுதுவர். ஆனாற் பாடசாலையில் உருதுவும் ஆங்கிலமுமே ஆட்சி செய்து வந்துள்ளன. இந்தியாவில் மாஸ்டர் தாரா சிங் 1961இல் உண்ணாவிரதம் இருந்தும், பஞ்சாபி மொழிக்கென ஒரு மாநிலம் பிறக்க 1966 நவம்பர் 1 வரை செல்லவேண்டியதாயிற்று. அதற்கிடையில், 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, பஞ்சாபியே பேசிய இந்துக்கள் பலர் இந்தியே தம் தாய்மொழி எனப் பதிந்தனர். மதமும் அரசியலும் மொழிக்குள் புகுந்து, பெற்ற தாயையே மறுக்க வைத்தன.

ஆகவே புலம்பெயர் நாட்டில் பஞ்சாபி ஆசிரியர் வழிபாட்டுக்கு வேண்டிய எழுத்தை மாத்திரம் கற்பிப்பவராய் நின்றாற் போதாது. குரு கிரந்த சாகிபிலே முஸ்லிம் ஞானியாகிய பரீதின் பாடல்களும் இடம்பெற்றிருக்கின்றன. அத்திருநூலின் மொழி பழையது. இன்று வீட்டிற் பேசும் மொழி வேறு. பிரார்த்தனையை வாசிக்கத் தெரிந்த பிள்ளை மாமனோடு பேசத் தெரியாது நின்றால், மொழி கோயிலுக்குள் நுழைந்து கதவை அடைத்துக்கொண்டதாகவே ஆகும். மூன்று மதத்துப் பிள்ளையும் ஒரு வாங்கிலே இருந்து படிக்கத்தக்க வகுப்பு பொதுப் பாடசாலையிலேயே இயலும். அதனாலேயே பொதுப் பாடசாலை ஆசிரியரை நாம் இவ்வளவு வற்புறுத்துகின்றோம்.

“பஞ்சாபி படித்து என்ன பயன்? பிள்ளை டாக்டராக வேண்டும், எந்திரியாக வேண்டும், அப்புக்காத்தாக வேண்டும்” என்பர் பெற்றார். நம் வீடுகளிலும் கேட்ட குரல்தானே! டாக்டராகட்டும். ஆங்கிலமறியாத முதியவள் தன் நெஞ்சுநோவை விவரிக்கும்போது, அந்த டாக்டர் எந்த மொழியிற் கேட்பார்? அப்புக்காத்து ஆகட்டும். வழக்காளியின் வாக்குமூலத்தை எந்த மொழியில் அறிவார்? தம் இனத்தாரின் நோயையும் வழக்கையும் மொழிபெயர்ப்பாளனின் வாய்வழியே அறிகின்ற கல்வி முழுக்கல்வியாகுமா? அன்றியும், மொழியின் பயனைச் சம்பளச் சீட்டிலே தேடுவோர், தம் தாயின் பயனை எந்தச் சீட்டிலே தேடுவர்?

செய்ய வேண்டியது

செய்யவேண்டியவை மிகப் பலவல்ல. ஊரிலே பட்டம் பெற்று வந்த மொழியாசிரியருக்குக் குறுகிய காலப் பயிற்சியும் அக்காலத்துக்கு உதவிப் பணமும் கொடுத்து, அந்நாட்டுப் பத்திரம் பெறச் செய்தல் வேண்டும். அந்நாட்டிலே பிறந்து பயிற்சி பெற்றவரை ஒரு வருடமாவது பஞ்சாபுக்கு அனுப்பி, மொழியைக் காதாற் பருகச் செய்தல் வேண்டும். 1962இல் நிறுவப்பட்ட பட்டியாலாப் பஞ்சாபிப் பல்கலைக்கழகம் போன்ற நிலையங்கள் அதற்கு இருக்கின்றன. குருத்துவாரா வகுப்பில் தொண்டு செய்வோருக்கு ஆண்டுதோறும் பயிற்சியும், போக்குவரத்துச் செலவாயினும், அளித்தல் வேண்டும். பொன்வேய்ந்த மண்டபத்துக்கு இலட்சக்கணக்கில் அள்ளிக் கொடுக்கும் செல்வர், ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளத் தயங்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றார் பாடசாலை அதிபரிடம் சென்று தம் பிள்ளையின் பெயரைக் கொடுத்தல் வேண்டும். இதற்குக் காசும் தேவையில்லை. ஒரு கையொப்பமே போதும்.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து நாம் ஏன் எழுதுகின்றோம் என்று வாசகர் கேட்கமாட்டார்கள். 1983க்குப் பின் நம் பிள்ளைகளும் அதே ரொறன்ரோவிலும் அதே இலண்டனிலும் குடியேறினர். அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் அதே இரண்டு மணிநேரத்தையும் அதே ஊதியமில்லாத் தொண்டையும் நம்பியே நடக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளை நம்மைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் பேசாது நிற்கும்போது நமக்கு உண்டாகும் வேதனை, பஞ்சாபிலே கோதுமை வயலோரத்தில் நிற்கும் கிழவனுக்கும் உண்டு. நூறாண்டுக்கு முன்னரே புறப்பட்ட அவர்களின் பாதை நம் பாதைக்கு முன்னே கிடக்கின்றது. அவர்கள் இடறிய கல் எதுவென்று கண்டும் நாம் அதே கல்லில் இடறினால், அது விதியன்று; மதியீனம்.

எவ்வளவு பஞ்சத்திலும் விதைநெல்லை அவித்து உண்ணாதவனே கமக்காரன். புலம்பெயர்ந்த மொழிக்கு ஆசிரியரே விதைநெல். இன்று ஒரு வீட்டில் ஒரு மகளோ மகனோ, “நான் மொழியாசிரியராகப் போகின்றேன்” என்று சொன்னால், அவ்வீட்டார் முகஞ்சுளிக்காமல், டாக்டர் பரீட்சையில் தேறியவரை வாழ்த்துவது போல வாழ்த்துவார்களாயின், அந்த நாளிலிருந்து அம்மொழிக்குப் பயமில்லை. பஞ்சாபிக்கும் இதுவே, தமிழுக்கும் இதுவே.